பாறையில் பிறந்த பூக்கள்

மே மாதம், பகல் இரண்டு மணி. மொட்டை மாடியின் கைப்பிடிச்சுவர் மேல் இருக்கும் பூந்தொட்டிக்கு நிழல் என்பதே கிடையாது. காலையிலிருந்து வாங்கி வைத்த வெப்பத்தைச் சுவரின் சிமெண்டு இப்போது திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. நாலு பக்கமும் காற்று அடிக்கிறது. வேர் ஓடக் கிடைத்திருப்பது ஒரு சாண் மண். காலையில் ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு அடித்துளை வழியே ஓடிவிட்டது. மிச்சம் சாயங்காலத்துக்குள் ஆவியாகிவிடும். தரையில் நட்ட செடி, மேல்மண் காய்ந்தால் வேரைக் கீழே இறக்கி ஈரம் தேடும். தொட்டிச் செடிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இயற்கையில் இதே நிலைமை எங்கே இருக்கிறது? பாறை இடுக்குகளிலும் மணல்வெளிகளிலும். அங்கேயும் மண் மேலோட்டம்தான், ஈரம் தங்காது, வெயிலுக்குத் தடை இல்லை. மழை வரும்போது வாரிக் குடித்துவிட்டு, அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பதுதான் அங்கே வாழ்க்கை. மாடியில் தொங்கும் பூச்செடி வைக்க விரும்புகிறவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான்: நாம் செடிக்குக் கொடுப்பது தோட்டத்து மண்ணைப் போலத் தெரிந்தாலும், செடியின் வேர் உணர்வது ஒரு பாறை இடுக்கை.

‘அதிகம் கவனிக்க வேண்டாம், தானாக வளரும்’ என்று நர்சரியில் சொல்லிக் கொடுக்கும் செடிகள் பல. அவற்றில் சில நிஜமாகவே தானாக வளர்கின்றன. சில ஒரு மாதத்தில் காய்ந்து போகின்றன. இந்த வேறுபாடு நம் கைராசியால் வருவதில்லை. அந்தச் செடியின் முன்னோர் எந்த நிலத்தில் வாழ்ந்தார்கள், அங்கே பிழைக்க என்னென்ன ஏற்பாடுகளைப் பெற்றார்கள் என்பதிலேயே பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

தொட்டிக்குள் நடப்பது

செடி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று முதன்முதலில் எடை போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ். இங்கிலாந்தின் டெடிங்டன் ஊரில் பாதிரியாராக இருந்தவர். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்தியை எடுத்துக்கொண்டு, மண்ணிலிருந்து நேராக ஈரம் வெளியேறாதபடி தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடினார். பிறகு காலையும் மாலையும் எடை போட்டார். பகலில் மட்டும் சராசரியாக 20 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 570 கிராம் தண்ணீர் இலைகள் வழியே போய்க்கொண்டிருந்தது. 1727இல் வெளியான ‘வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்’ நூலில் இதை எழுதினார். அது இங்கிலாந்தின் கோடை. செடியும் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. நம் ஊர் மாடியில், இலை அகன்ற செடி ஒன்றைச் சின்னத் தொட்டியில் வைத்தால் ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் ஏன் தலை தொங்கிவிடுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

தண்ணீர் போதாமல் சாகும் செடிகளுக்குச் சமமாக, தண்ணீர் மிஞ்சிச் சாகும் செடிகளும் உண்டு. காரணம் தொட்டியின் அடியில் இருக்கிறது. ஒரு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தட்டையாகப் பிடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். ஸ்பாஞ்சின் நுண்துளைகள் தண்ணீரை ஒரு குறிப்பிட்ட உயரம் வரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அந்த உயரத்துக்கு மேல் உள்ள தண்ணீரைத்தான் புவியீர்ப்பு கீழே இறக்க முடியும். தொட்டி மண்ணும் அப்படியே. எவ்வளவு துளை போட்டாலும், தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் அடியில் ஒரு அடுக்கு ஊறிக் கிடக்கும். அதன் உயரத்தை நிர்ணயிப்பது மண் துகளின் பருமன். தொட்டியின் உயரம் அல்ல. ஆகவே ஆழமில்லாத தொட்டியில் வேருக்குக் கிடைக்கும் இடத்தில் பெரும்பகுதி சேறாகிவிடுகிறது.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. மண்ணின் நுண்துளைகள் பிடித்திருக்கும் தண்ணீர், ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்குள் சுலபத்தில் இறங்காது. ஊறிய அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு மிஞ்சும் நல்ல மண் இன்னும் குறையும். துளை அடைபடாமல் இருக்க ஒரு ஓட்டுத் துண்டு போதும். வடிகால் வேண்டுமென்றால் மொத்த மண்ணையுமே கரகரப்பாக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்பது வறட்சி தாங்கும் பூச்செடிகளுக்கு நல்ல தொடக்கம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வரும் தேங்காய் நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். மண்ணின் எடையைக் குறைக்கும். மாடிக்கு அது நல்லதுதான். ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். பாறை வழிச் செடிகளுக்கு அதைக் கொஞ்சமாகச் சேர்ப்பது போதும்.

காலையில் புளிக்கும் இலை

பாறை இடுக்கு போன்ற இந்த நிலத்துக்கென்றே வார்த்து எடுத்தது போன்ற செடி டேபிள் ரோஸ். பத்துமணிப் பூ என்றும் சொல்கிறோம். தாவரவியல் பெயர் போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோரா. பெயரில்தான் ரோஜா, உறவு நம் பருப்புக்கீரையோடும் தரைப்பசலையோடும். பிரேசிலின் தெற்கு, உருகுவே, அர்ஜென்டினா ஆகியவற்றின் மணற்பாங்கான வறண்ட வெளிகள் இதன் தாயகம். 1829இல் இங்கிலாந்துத் தாவரவியலாளர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் இதற்குப் பெயர் சூட்டினார்.

இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான இலை இல்லை. ஊசி போல உருண்டு, சதைப்பற்றோடு இருக்கும். உருளை வடிவத்துக்கு, கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. உள்ளே நிறையத் தண்ணீர் வைக்கலாம். வெளியே இழப்பது கொஞ்சம். இது கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத ஏற்பாடு இதைவிட வியப்பானது. அதைப் பற்றிய கதை தமிழ்நாட்டோடு தொடர்புடையது.

தரங்கம்பாடியில் மொராவியச் சபையின் மருத்துவராக வந்து, பிறகு சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராக வேலை பார்த்தவர் பெஞ்சமின் ஹெய்ன். இவர் ரணகள்ளி இலையை வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். காலையில் கடும் புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. இந்தச் செய்தியை அவர் கடிதமாக எழுத, அது 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. நாக்கை மட்டுமே கருவியாகக் கொண்டு செய்த இந்தக் கவனிப்பு, பின்னால் ‘கேம்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்ட ஒளிச்சேர்க்கை முறைக்கு முதல் தடயங்களில் ஒன்றாக நிற்கிறது.

விளக்கம் இதுதான். ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளைகள் திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் வெளியே போகும். பகல் வெயிலில் இந்த இழப்பு அதிகம். ‘கேம்’ செடிகள் பகலில் துளைகளை மூடிவைத்து, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் சேமித்துக்கொள்கின்றன. விடியும்போது இலை முழுக்க அமிலம், அதனால் புளிப்பு. பகலில், துளைகள் மூடிய நிலையில், அந்த அமிலத்திலிருந்து வாயுவை உள்ளுக்குள்ளேயே விடுவித்துச் சர்க்கரை செய்கின்றன. சாயங்காலத்துக்குள் புளிப்பு தீர்ந்துவிடும்.

வெப்பத்தைச் சமாளிக்க வேறொரு முறையும் உண்டு: ‘சி-4’. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி, வெப்பம் ஏற ஏற ஆக்சிஜனைத் தவறுதலாகப் பிடித்துச் சக்தியை வீணாக்கும். சோளம், கரும்பு போன்ற சி-4 செடிகள் கரியமில வாயுவை ஓரிடத்தில் பிடித்து, இன்னோரிடத்தில் குவித்து ரூபிஸ்கோவிடம் ஒப்படைக்கின்றன. வீணாவது குறைகிறது, துளைகளை அதிகம் திறக்கவும் தேவையில்லை. கணக்காகச் சொன்னால், ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்கச் சாதாரணச் செடி சுமார் 400 நீர் மூலக்கூறுகளை இழக்கிறது. சி-4 செடி சுமார் 150. கேம் செடி சுமார் 50.

இரண்டில் ஒன்றைப் பெற்றிருந்தாலே பெரிய வரம். போர்ட்டுலாக்கா இனத்துக்கு இரண்டும் உண்டு. தண்ணீர் இருக்கும்போது சி-4. வறட்சி வந்தால் அதோடு கேமும் சேர்ந்துகொள்ளும். பருப்புக்கீரையில் இதை 1980 வாக்கில் கோச், கென்னடி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு முறைகளும் இலையின் தனித்தனிப் பகுதிகளில் நடக்கும் என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். 2022இல் யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா எட்வர்ட்ஸின் குழு, எந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று துருவிப் பார்த்து, இரண்டும் ஒரே செல்களுக்குள் பின்னிப் பிணைந்து நடப்பதைக் கண்டது. வேகமான வளர்ச்சியும் வறட்சி தாங்கும் குணமும் ஒரே இலைக்குள் கைகோத்திருக்கின்றன.

ஹெய்ன் செய்ததை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். தொட்டியில் வளரும் பருப்புக்கீரைக்குச் சில நாள் தண்ணீரைக் குறைத்துவிட்டு, விடியற்காலையில் ஒரு இலையும் மாலையில் ஒரு இலையும் மென்று பாருங்கள். காலை இலையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். அதன் உறவான டேபிள் ரோஸ் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் தாங்குவதன் ரகசியம் அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது.

ஒரு நாள் பூ

டேபிள் ரோஸின் பூ வெளிச்சமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால்தான் விரியும். பத்து மணி வாக்கில் மலர்வது அதனால்தான். மப்பும் மந்தாரமுமான ஐப்பசி நாளில் மொட்டு மொட்டாகவே நின்றுவிடும். ஒரு பூவின் ஆயுள் ஒரு பகல். சாயங்காலம் சுருங்கிய இதழ்கள் உலர்ந்து சருகாகாமல் ஈரமாய்க் கரைந்து ஒட்டிப்போகின்றன. வாடிய பூவைக் கிள்ளி எறியும் வேலை நமக்கு இல்லை. மறுநாள் அடுத்த மொட்டு.

விரிந்த ஒற்றையடுக்குப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தத் தண்டுகள் கொத்தாக நிற்கும். ஒரு துடைப்பக் குச்சியின் நுனியால் அவற்றைப் பக்கவாட்டில் மெதுவாகத் தொட்டுவிட்டுக் கையை எடுங்கள். அடுத்த சில நொடிகளில் தண்டுகள் தொட்ட பக்கமாகச் சாய்ந்து வரும். தேனீ உள்ளே இறங்கும்போதும் இதுவே நடக்கிறது: மகரந்தம் பூச்சியின் உடம்பின் மேல் வந்து படிகிறது. தொட்டாற்சிணுங்கியிடம் இலையில் காணும் உணர்ச்சி இங்கே மகரந்தத் தண்டில் இருக்கிறது.

நிறத்திலும் ஒரு தனித்தன்மை. செம்பருத்தி, சங்குப்பூ, பெட்டூனியா போன்றவற்றின் சிவப்பும் நீலமும் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருபவை. டேபிள் ரோஸின் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் பீட்டாலைன் என்ற வேறொரு குடும்பத்து நிறமிகள். பீட்ரூட்டின் நிறமும் காகிதப்பூவின் நிறமும் இதே வகை. இந்த இரண்டு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதை இதுவரை யாரும் கண்டதில்லை.

நர்சரியில் அடுக்குப் பூ, ஒற்றைப் பூ என்று இரு வகை கிடைக்கும். அடுக்குப் பூவின் கூடுதல் இதழ்கள், மகரந்தத் தண்டாக வேண்டிய உறுப்புகள் இதழாக மாறியவை. பூவின் எந்த வட்டம் எந்த உறுப்பாகும் என்பதை மூன்று வகை மரபணுக்கள் கூடித் தீர்மானிக்கின்றன என்று என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்சும் 1991இல் விளக்கினார்கள். அவற்றில் ஒன்றின் செயல் தடம் மாறினால் தண்டு இதழாகிவிடும். அடுக்குப் பூ கண்ணுக்கு நிறைவு. ஆனால் அதில் தேனீக்கு மகரந்தம் குறைவு. மாடித்தோட்டத்தில் கத்தரியும் பூசணியும் வளர்ப்பவர் ஒற்றைப் பூவையே எடுக்கலாம். அதைத் தேடி வரும் தேனீ பக்கத்துக் காய்ச்செடிக்கும் போகும்.

தண்டு ஏன் தொங்குகிறது?

செடியின் தண்டு மேல் நோக்கியும் வேர் கீழ் நோக்கியும் வளர்வது நமக்குப் பழகிப்போன காட்சி. செடிக்குத் திசை எப்படித் தெரிகிறது? தண்டுக்குள் ஒரு அடுக்குச் செல்களில் கனமான மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன. தண்டு சாய்ந்தால் அவை கீழ்ப்பக்கமாகப் படிகின்றன. அதை அடையாளமாகக் கொண்டு ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்ப்புறத்தில் அதிகம் சேர்கிறது, கீழ்ப்புறச் செல்கள் அதிகம் நீள்கின்றன, தண்டு நிமிர்கிறது. இந்தத் துகள்களின் பங்கை 1900இல் ஹேபர்லாண்டும் நியெமெட்ஸும் தனித்தனியே எடுத்துச் சொன்னார்கள்.

இந்த ஏற்பாட்டில் எங்கே மாற்றம் வந்தாலும் தண்டு நிமிர்வதை விட்டுவிடும். ஜப்பானில் காலம் காலமாக வளர்க்கப்படும் மார்னிங் குளோரிக் கொடிகளில் ஒரு வகை, கம்பில் சுற்றி ஏறாமல் கீழே தொங்கும். அதற்குக் காரணம், மாவுத் துகள்கள் இருக்க வேண்டிய அந்தச் செல் அடுக்கே சரியாக உருவாகாததுதான் என்று 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். திசை தெரியாத கொடிக்குச் சுற்றவும் தெரியவில்லை. நெல்லில் ‘லேசி’ என்று பெயரிட்ட மரபணு ஒன்று பழுதானால் தூர்கள் நிமிராமல் தரையோடு விரிந்துபோகும். தக்காளியில் இன்னொரு மாற்றம், தண்டை இருட்டில் மேலேயும் வெளிச்சத்தில் கீழேயும் வளர வைக்கிறது.

டேபிள் ரோஸ் இவற்றைப் போல அல்ல. தரையோடு படர்வது அதன் இயல்பு. தொட்டி விளிம்பைத் தாண்டியதும் தண்டு தன் எடையில் இறங்குகிறது. நுனியின் கடைசிப் பகுதி மட்டும் தலை தூக்கி நிற்கும். பூ வருவது அந்த நுனியில். ஆகவே பூ எப்போதும் வானத்தைப் பார்த்தே விரியும். இதிலிருந்து தொட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கிறது. தலைக்கு மேலே கொக்கியில் மாட்டினால் நமக்குத் தெரிவது பூவின் முதுகுதான். இடுப்பு உயரத்தில், கைப்பிடிச்சுவரிலோ படிக்கட்டிலோ வைத்தால் முகம் தெரியும்.

நாலு தண்டு மட்டும் நீளமாய்த் தொங்கி, தொட்டியின் நடு மண்டை மொட்டையாக நிற்பது பலருக்கும் உள்ள குறை. இதற்கு மருந்து நுனி கிள்ளுவது. நுனி மொட்டிலிருந்து வரும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று 1930களிலேயே தீமன், ஸ்கூக் இருவரும் காட்டியிருந்தார்கள். 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் பெவரிட்ஜ் குழு பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு இன்னொரு உண்மையைச் சேர்த்தது. நுனியைக் கிள்ளியதும் முதலில் ஓடி வருவது சர்க்கரை. நுனி தின்றுகொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்பியதும் அவை விழித்துக்கொள்கின்றன. கிள்ளிய நுனிகளை வீசிவிட வேண்டாம். அதே தொட்டியின் நடுவில் செருகினால் போதும். டேபிள் ரோஸ் துண்டு சுலபமாக வேர்விட்டுவிடும்.

பாறைச் சொந்தங்கள்

எல்லா மாடிகளிலும் நாள் முழுக்க வெயில் இருக்காது. எல்லோருக்கும் ஒரே பூ பிடிக்காது. வேறு வேறு வழியில் அதே சிக்கலைத் தீர்த்துக்கொண்ட செடிகள் இன்னும் சில இருக்கின்றன.

வான்நீலப் பூ வேண்டுமென்றால் எவால்வுலஸ். நர்சரியில் ‘புளூ டேஸ்’ என்ற பெயரில் கிடைக்கும். தென் அமெரிக்கச் செடி. நம் வயல் வரப்புகளில் படரும் விஷ்ணுகிராந்திக்கு நெருங்கிய உறவு. இலையை விரலால் தடவினால் பட்டு போல ஒரு மென்மை தெரியும். அது நுண்ணிய மயிர்ப் படலம். வெயிலின் ஒரு பங்கை அது சிதறடிக்கிறது. இலையை ஒட்டிய காற்றை அசையாமல் நிறுத்தித் தண்ணீர் இழப்பைக் குறைக்கிறது. இதன் பூ காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

தலைக்கு மேலே தொங்கவிட ரசீலியா சிறந்தது. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. இலைகள் சிறுத்துச் செதிலாகிப்போக, ஒளிச்சேர்க்கை வேலையைப் பச்சைத் தண்டே ஏற்றுக்கொண்டது. அருவி போல வளைந்து விழும் தண்டுகளில் சிவப்புக் குழல் பூக்கள் கீழ்நோக்கித் தொங்கும். அண்ணாந்து பார்ப்பவருக்கு முகம் காட்டும். தேன்சிட்டுகள் தேடி வரும்.

பெரிய தொட்டி வைக்க இடம் இருந்தால் காகிதப்பூ. 1767இல் ரியோ டி ஜெனிரோவில், கடலோடி பூகேன்வில்லின் பயணக் குழுவில் வந்த தாவரவியலாளர் கொம்மர்சான் இதைச் சேகரித்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் வந்திருந்த ழான் பாரே, உலகைச் சுற்றி வந்த முதல் பெண்ணாக அறியப்படுகிறார். காகிதப்பூவில் நிறம் காட்டுவது பூவை மூடிய இலைச் செதில்கள். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. செதில்கள் இலையைப் போல உறுதியாக இருப்பதால் வாரக்கணக்கில் நிற்கும். தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் இலையாகத் தள்ளும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் பூத்துக் குலுங்கும். இந்தச் செடிக்கு மட்டும், குறைவான கவனிப்பே சரியான கவனிப்பு.

நித்தியகல்யாணியில் இப்போது படர்ந்து தொங்கும் ரகங்கள் வருகின்றன. மடகாஸ்கரின் செடி, வாடிய பூவைத் தானே உதிர்த்துவிடும். வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளைத் தந்ததும் இதுவே. அந்த ஆற்றலுக்குக் காரணமான நச்சுச் சத்துகள் செடி முழுக்க இருப்பதால், சின்னக் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் வாய் வைக்காத உயரத்தில் இதை வைக்க வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும்.

ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்குக் கணக்கே வேறு. அங்கே பெட்டூனியாவும் கலிப்ரக்கோவாவும் நிறைந்து பூக்கும். சன்டோரி என்ற ஜப்பானிய மதுபான நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய ‘சர்ஃபினியா’ ரகம்தான் தொங்கும் பெட்டூனியாவை உலகெங்கும் பரப்பியது. கலிப்ரக்கோவா பார்ப்பதற்குக் குட்டிப் பெட்டூனியா போலவே இருக்கும். ஆனால் குரோமோசோம் எண்ணிக்கையில் இது 18, அது 14. சமவெளியில் இந்த இரண்டும் மார்கழி, தை மாத விருந்தாளிகள். பங்குனி வெயிலில் விடைபெற்றுவிடும். சென்னையிலோ மதுரையிலோ ஆண்டு முழுக்க நிற்கும் என்று நம்பி வாங்குவது பணத்துக்குக் கேடு.

எல்லை தாண்டும் செடிகள்

இதுவரை எந்தக் குணங்களைப் பாராட்டி வந்தோம்? வறட்சி தாங்குவது, ஏழை மண்ணில் வளர்வது, துண்டிலிருந்தே வேர்விடுவது, ஓயாமல் பூப்பது. இதே பட்டியலைக் களைகளை ஆராய்பவரிடம் கொடுத்தால், ‘களையின் இலக்கணம் இது’ என்பார். கவனிப்பே கேட்காத செடி, நம் வேலியையும் கேட்காது.

மஞ்சள் பூவோடு கம்பளம் போலப் படரும் வெடிலியா இதற்கு நல்ல சான்று. சாலை நடுத் திட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் அழகுக்காக நட்டது, இன்று வாய்க்கால் கரைகளிலும் ஈர நிலங்களிலும் பரவிக் கிடக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விடும். கழித்துப் போட்ட துண்டு ஒன்று போதும். இதை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தவறாக எண்ணி வீட்டில் வளர்ப்பவர்களும் உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். வெடிலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள்.

உண்ணிச்செடியின் கதை இன்னும் பெரிது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்தது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் தரையை மூடி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை வளரவிடாமல் நிற்கிறது. பறவைகள் பழம் தின்று விதை பரப்புகின்றன. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் உண்ணிச்செடி, வெடிலியா இரண்டுமே இடம்பெற்றிருக்கின்றன. ஊதாப் பூவோடு தொங்கும் படர் லாண்டனா உண்ணிச்செடியின் உறவுதான். ஆஸ்திரேலியாவில் அது மேய்ச்சல் நிலங்களில் களையாகியிருக்கிறது. காட்டோரத்திலோ ஆற்றோரத்திலோ வீடு இருந்தால் அதைத் தவிர்ப்பதே முறை.

வாங்குமுன்

நர்சரியில் நிற்கும்போது பூவின் நிறம் முதலில் கண்ணை இழுக்கும். அதற்கு முன் இலையைப் பாருங்கள். சதைப்பற்றா, மயிர்ப் படலமா, செதிலாகச் சிறுத்ததா? மூன்றில் ஒன்று இருந்தால் வெயில் மாடிக்கு அந்தச் செடி தயாராக வந்திருக்கிறது. அகன்று மெலிந்த இலை என்றால் பெரும்பாலும் அது நிழலும் தினசரித் தண்ணீரும் கேட்கும். அடுத்து, உங்கள் இடத்தில் எத்தனை மணி நேரம் நேர்வெயில் விழுகிறது என்று ஒரு விடுமுறை நாளில் கவனித்து வைத்திருங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் டேபிள் ரோஸ் இலையோடு நின்றுவிடும். தண்ணீரை நாள் கணக்கில் ஊற்றாமல், விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைக் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வயதுக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும்.

கடைசியாக ஒன்று. கழித்த தண்டுகளை மாடியிலிருந்து காலி மனைக்கு வீசாதீர்கள். வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். தோட்ட வேலையில் பெரும்பகுதியைச் செடியே பார்த்துக்கொள்ளும்படி தேர்ந்தெடுக்கலாம். அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் வளர்ப்பவருடையது.